கோல்மன்ஸ்கோப்: மண்ணு மூடின ஊரும் மண்ணு அள்ளின ஒரு மனுஷனும்

இடுப்பு வரைக்கும் மணல், அதுக்கு மேல நீலக்கலர் சுவரு, பாதி திறந்தபடியே மாட்டிக்கிட்ட ஒரு கதவு. நமீபியா போய்ட்டு வந்து நான் காட்டின படங்கள்ல இந்த ஒண்ணுக்குத்தான் எல்லாரும் "இது எங்க, சினிமாவுக்கு செட் போட்டதா"ன்னு கேட்டீங்க. செட்டெல்லாம் இல்ல, நெசமாவே மனுஷங்க குடியிருந்த வீடு, புள்ளைங்க ஓடி விளையாடின வீடு. ஊரு பேரு கோல்மன்ஸ்கோப். நமீப் பாலைவனத்துல, லூடரிட்ஸ்ங்கிற துறைமுக ஊருல இருந்து உள்ள தள்ளி ஒரு பத்து கிலோமீட்டர். 1956லயே கடைசி ஆளும் காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க. அதுக்கப்புறம் அங்க குடியிருக்குறது மணல் மட்டும்தான்.

வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளா ஆசை, எனக்கு ஆரம்பத்துல அவ்வளவா இல்ல. சிங்கப்பூர் சாங்கில இருந்து ஜோஹன்னஸ்பர்க், அங்கருந்து நமீபியா தலைநகர் விண்ட்ஹூக், அப்புறம் வண்டி எடுத்து தெற்கால ஓட்டுறது. நம்மள மாதிரியே அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டணும், அது ஒரு நிம்மதி. ஆனா கீட்மன்ஸ்ஹூப் தாண்டி மேற்கால திரும்பின பிறகு 300 கிலோமீட்டருக்கு மேல ரோடு நேரா போய்க்கிட்டே இருக்கு, எதிர்ல வண்டி வந்தா ரெண்டு பேரும் கைய ஆட்டிக்கிறோம், அந்தளவுக்கு ஆள் நடமாட்டம் கம்மி. கிளமெண்டில இருந்து தெம்பனீஸ் போறதையே தூரம்னு சொல்ற நமக்கு அந்த தூரத்த மனசுல வாங்கிக்கவே நேரம் ஆகுது. அவுஸ்னு ஒரு குட்டி ஊர் தாண்டினதும் புல்லு குறைஞ்சு, பாறை குறைஞ்சு, வெறும் மணலும் வானமும்தான். "மணல்"னு எச்சரிக்கை போர்டு வச்சிருக்காங்க. காத்து அடிச்சா ரோட்டு மேலயே மணல் ஏறிடும், மிஷின் வச்சு தள்ளி விடணும், மறுபடியும் ஏறும், மறுபடியும் தள்ளணும். ரோட்டு ஓரமா தண்டவாளம் கூடவே வருது, சில இடத்துல மணலுக்குள்ள போயி காணாம போயி அப்புறம் வெளிய வருது.

அந்தத் தண்டவாளத்துல இருந்துதான் கோல்மன்ஸ்கோப் கதையே ஆரம்பிக்குது. அப்போ இந்த நாடு ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா, ஜெர்மன்காரங்க காலனி. 1908 ஏப்ரல் மாசம் ரயில் பாதையில ஏறின மணல அள்ளிப் போடுற வேலைல இருந்த சக்கரியாஸ் லெவாலான்னு ஒரு கறுப்பினத் தொழிலாளி கண்ணுல ஒரு கல்லு படுது. அவரு அதுக்கு முன்னாடி தென்னாப்பிரிக்கால கிம்பர்லி வைரச் சுரங்கத்துல வேலை பார்த்தவரு, அதனால பார்த்ததும் தெரிஞ்சிருச்சு. கொண்டுபோய் மேலதிகாரி ஆகஸ்ட் ஸ்டாவுக் கைல குடுக்குறாரு. ஸ்டாவுக் ஆஸ்துமாவுக்கு வறண்ட காத்து நல்லதுன்னு ஜெர்மனில இருந்து வந்து ரயில்வேல மேற்பார்வை பார்த்துக்கிட்டிருந்த ஆளு. அவரு சத்தமில்லாம தேடுறதுக்கு லைசென்ஸ் வாங்கி, வேலைய விட்டு, கொஞ்ச காலத்துலயே பெரிய கோடீஸ்வரர் ஆயிட்டாரு. லெவாலாவுக்கு கல்லுக்கு காசும் கிடையாது, பரிசும் கிடையாது. ஸ்டாவுக்கும் பின்னாடி உலகப் பொருளாதார வீழ்ச்சில எல்லாத்தையும் இழந்து 1947ல ஏழையாத்தான் செத்தாரு, ஆனா அவரு எங்க பொறந்தாரு எப்போ செத்தாருன்னு புத்தகத்துல இருக்கு, லெவாலாவப் பத்தி அந்த ஒரு நாளத் தவிர எழுதி வைக்கணும்னு யாருக்கும் தோணல.

இத நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, கீழ வரேன்.

கல்லு கிடைச்ச செய்தி பரவினதும் ஜெர்மன் அரசாங்கம் அதே வருஷம் செப்டம்பர்ல கடற்கரையோரமா தெற்கால ஆரஞ்சு ஆறு வரைக்கும், உள்ள 100 கிலோமீட்டர் அகலத்துக்கு, மொத்தமா தடை செய்யப்பட்ட பகுதின்னு அறிவிச்சிட்டாங்க. பரப்பளவு சுமார் 26,000 சதுர கிலோமீட்டர். நம்ம சிங்கப்பூரப் போல 35 சிங்கப்பூர் அதுக்குள்ள அடங்கும். இப்போ அதுல பெரும்பகுதி தேசியப் பூங்கா, ஆனா இன்னைக்கும் பெர்மிட் இல்லாம உள்ள கால் வைக்க முடியாது.

வைரம் எப்டி மணல்ல வந்து கிடக்கும்னு எனக்கு அங்க போற வரைக்கும் புரியல. பூமிக்குள்ள இருந்து எரிமலைக் குழாய் வழியா மேல வந்த கல்லு, தென்னாப்பிரிக்காவோட உள்பகுதியில. அத கோடிக்கணக்கான வருஷமா மழையும் ஆரஞ்சு ஆறும் அரிச்சு அட்லாண்டிக் கடல்ல கொண்டு போயி கொட்டியிருக்கு. கடல் அலை வடக்கால தள்ளி கரையில ஒதுக்கியிருக்கு. அப்புறம் காத்து, அது மொறத்துல புடைக்கிற மாதிரி லேசான மணல மட்டும் தூக்கிட்டுப் போயி, கனமான கல்ல அப்டியே தரையில விட்டிருக்கு. இவ்வளவு தூரம் அடிபட்டு உருண்டு வந்ததுல விரிசல் உள்ள கல்லெல்லாம் வழியிலயே நொறுங்கிப் போயிரும், மிஞ்சினது முக்கால்வாசிக்கு மேல நகை தரத்துக் கல்லு. அதனாலதான் ஆரம்ப காலத்துல இங்க சுரங்கமே தோண்டல. தொழிலாளிங்கள வரிசையா முட்டி போட வச்சு, மணல்ல தவழ்ந்துகிட்டே கையால பொறுக்க வச்சாங்க. அந்தப் பழைய படம் ஒண்ணு இருக்கு, வெயில்ல வரிசையா குனிஞ்சிருக்குற முதுகுங்க, பக்கத்துல நின்னு பார்க்குற ஜெர்மன்காரர்.

சரி, ஊருக்கு வரேன். காலைல போனா வழிகாட்டி கூட வந்து சுத்திக் காட்டுவாங்க. எங்களுக்கு வந்தது ஒரு நமீபியப் பொண்ணு, சின்ன வயசு, குரல் அந்தக் காத்துலயும் கணீர்னு கேட்டுச்சு. முதல்ல பெரிய ஹாலுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. நாடகம், கச்சேரி, டான்ஸ், உடற்பயிற்சி எல்லாம் அங்கதான், ஐரோப்பால இருந்து கலைஞருங்கள கப்பல்ல வரவழைச்சிருக்காங்க. உடற்பயிற்சி சாமான் இன்னமும் இருக்கு. கீழ ஒரு ஸ்கிட்டில்ஸ் ஆடுற இடம், மரப்பந்து உருட்டி கட்டைய சாய்க்கிற ஆட்டம், அத இப்பவும் ஆடிப் பார்க்கலாங்கிற நிலைமைல வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பேக்கரி, கறிக்கடை, லெமனேட் செய்யுற இடம், ஐஸ் ஃபேக்டரி, மின்சார நிலையம். தெருவுக்குள்ள ஒரு குட்டி ரயில் ஓடியிருக்கு, வீட்டு வாசல்லயே ஐஸ் கட்டி வந்து இறங்கும். குடிக்கிற தண்ணி கேப் டவுன்ல இருந்து கப்பல்ல, எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல தாண்டி. குளிக்க நீச்சல் குளத்துக்கு கடல் தண்ணி.

தண்ணி விஷயம் கேட்டப்போ எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. 63-64ல சிங்கப்பூர்ல தண்ணிய ரேஷன் பண்ணி, நேரம் வச்சு பைப்ப மூடினப்போ அம்மா சின்னப் பொண்ணு, வாளிய வரிசைல வச்சுட்டு உக்காந்திருந்த கதைய இப்பவும் சொல்லுவாங்க. பக்கத்துல மலேசியா ஜோகூர்ல இருந்து வர்ற தண்ணிக்கே நம்ம அரசாங்கம் இத்தனை வருஷமா எவ்வளவு யோசிச்சிருக்கு. ஒரு பாலைவனத்துல வைரம் இருக்குன்னதும் தண்ணிய கப்பல்ல கொண்டு வந்து நீச்சல் குளம் வரைக்கும் கட்டிட்டாங்கன்னா, காசு எந்தளவுக்கு கொட்டியிருக்கும்னு பாருங்க. அந்தக் காலத்துல ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தா உலகத்துலயே பணக்கார ஊருங்கள்ல ஒண்ணுன்னு வழிகாட்டி சொன்னாங்க.

டூர் முடிஞ்சதும் நம்ம இஷ்டத்துக்கு வீடு வீடா ஏறி இறங்கலாம். இதத்தான் நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். கணக்குப்பிள்ளை வீடு, டாக்டர் வீடு, மேனேஜர் வீடு, வாத்தியார் வீடுன்னு வரிசையா மேட்டுல ரெண்டு மாடி கட்டடங்க, ஜெர்மனில இருக்குற மாதிரியே கூரை சரிவா வச்சு. தெற்குப் பக்கம் காத்து அடிக்கிற ஜன்னல் வழியா மணல் உள்ள வந்திருக்கு, அது வந்த வழிய அப்டியே பார்க்கலாம், ஜன்னல்ல இருந்து சரிஞ்சு, அறைய நிரப்பி, கதவத் தள்ளி, அடுத்த அறைக்குப் போயி. சில அறைல தலை மேல்சட்டத்துல இடிக்குது, ஏன்னா நாம நிக்கிறது தரையில இல்ல, மணல் மேட்டு மேல. சுவத்துல பச்சை, மஞ்சள், ரோஸ் கலர் பெயிண்டும், ஓரமா ஸ்டென்சில் வச்சுப் போட்ட பூ பார்டரும் இன்னும் மங்காம இருக்கு. மழையே இல்லாத ஊரு, அதனால அழுகல, பூஞ்சை பிடிக்கல. நம்ம ஊருல ஒரு வீட்ட ஆறு மாசம் பூட்டி வச்சா சுவரெல்லாம் கறுப்பா பூத்துரும்.

ஆஸ்பத்திரில ஒரு நீள நடை, ரெண்டு பக்கமும் கதவு கதவா, கடைசில வெளிச்சம். அங்க இருந்த எக்ஸ்ரே மிஷின் அந்தப் பக்கத்து நாடுங்கள்லயே முதல்ல வந்ததுன்னு பெருமையா சொல்றாங்க. எதுக்கு அவ்வளவு சீக்கிரம் வாங்குனாங்கன்னு கேட்டாரு கூட வந்த ஒருத்தரு. வழிகாட்டி சொன்னாங்க, எலும்பு பார்க்கவும்தான், தொழிலாளிங்க வைரத்த முழுங்கியிருக்காங்களான்னு பார்க்கவும்தான்னு. அதோட நிக்கல, ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்புறவங்களுக்கு விளக்கெண்ணெய் குடுத்து வயித்தக் கழுவி காத்திருக்க வச்சுத்தான் அனுப்புவாங்களாம்.

எந்தத் தொழிலாளிங்க? ஊரு நல்லா இருந்த காலத்துல ஜெர்மன்காரங்க பெரியவங்க ஏறக்குறைய 300 பேர், புள்ளைங்க 40, ஒவாம்போ இனத்துத் தொழிலாளிங்க 800 பேர். வடக்கால அங்கோலா எல்லைப் பக்கத்துல இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கடந்து வந்த ஆம்பளைங்க. பொண்டாட்டி புள்ளைய கூட்டிட்டு வரக்கூடாது. ஒப்பந்தம் முடியிற வரைக்கும் வேலை செய்யுற இடமும் தங்குற இடமும்தான். ஊருல பத்துக்கு ஏழு பேரு இவங்கதான், ஆனா நான் எடுத்த படம், என் வீட்டுக்காரர் எடுத்த படம், இணையத்துல நீங்க தேடினா வர்ற படம், எல்லாம் மேட்டு மேல இருக்குற அந்த 300 பேரோட வீடு. நீலச் சுவரும் பூ பார்டரும் அவங்களோடது.

இப்போ லெவாலா விஷயத்துக்கு வரேன். எங்கம்மாவோட அப்பா மலாயன் ரயில்வேல லைன் வேலை பார்த்தவரு. தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து சின்ன வயசுல வந்து, ஜல்லி தள்ளுறது, கட்டை மாத்துறது, புல்லு வெட்டுறது, மழைக்கு மண்ணு சரிஞ்சு தண்டவாளத்துல விழுந்தா அள்ளிப் போடுறது, இதுதான் வேலை. அதே வேலை, லெவாலா செஞ்ச அதே வேலை. அங்க மணல், இங்க செம்மண்ணு. ரொம்ப வருஷம் தாத்தா தனியாத்தான் இருந்தாரு, பாட்டி ஊருலதான், அப்புறம்தான் குவாட்டர்ஸ் கிடைச்சு கூட்டிட்டு வந்தாரு. 1932ல திறந்த தஞ்சோங் பகார் ஸ்டேஷன்ல 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில் கிளம்பினப்போ நாங்க குடும்பத்தோட போயி நின்னோம், அம்மா கைல தாத்தா படம். இன்னைக்கு அந்தப் பாதை 24 கிலோமீட்டர் பசுமையான நடைபாதை, சனி ஞாயிறு கூட்டம் அள்ளுது, எனக்கும் ரொம்பப் பிடிச்ச இடம். புக்கிட் தீமா ஸ்டேஷன அழகா புதுப்பிச்சு வச்சிருக்காங்க, பாலம் இருக்கு. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னம். லைன் வேலை பார்த்தவங்க இருந்த அந்த வரிசை வீடுங்க மட்டும் எங்க குடும்பத்து ஆளுங்க வாயிலதான் இருக்கு. அதனால கோல்மன்ஸ்கோப்ல அந்த மேட்டுல நின்னு "அந்த 800 பேரு எங்க இருந்தாங்க"ன்னு நான் கேட்டது ஏதோ சரித்திர ஆர்வத்துல இல்ல, எனக்கு அது சொந்த விஷயம்.

வழிகாட்டிப் பொண்ணு என்ன ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "இத எல்லாரும் கேக்குறதில்ல"ன்னு சொல்லி, கூட்டம் கலைஞ்ச பிறகு தனியா நின்னு பேசினாங்க. அவங்க தாத்தாவும் ஒப்பந்தத் தொழிலாளியாம், இந்த ஊருல இல்ல, இன்னும் தெற்கால. 1928ல ஆரஞ்சு ஆத்து முகத்துவாரத்துக்கிட்ட இதவிடப் பெரிய பெரிய வைரம் கிடைச்சதுதான் கோல்மன்ஸ்கோப்போட தலைவிதிய முடிச்சது, கம்பெனியும் ஆளுங்களும் மெல்ல அங்க நகர்ந்துட்டாங்க, ஒராஞ்சமுண்ட்னு புது ஊரே எழும்புச்சு. அங்கயும் ஒப்பந்த முறைதான். 1971 கடைசில ஒப்பந்தத் தொழிலாளிங்க ஆயிரக்கணக்குல வேலைய நிறுத்தினாங்க, நாட்டையே உலுக்கின ஸ்ட்ரைக், 1990ல கிடைச்ச சுதந்திரத்துக்கு அது ஒரு பெரிய படின்னு சொன்னாங்க. அத சொல்லும்போது அந்தப் பொண்ணு மொகத்துல இருந்த பெருமை, ஹால்ல கச்சேரி கதை சொல்லும்போது இல்ல.

லூடரிட்ஸ் ஊரு ரொம்ப அழகு, ஆனா அழகுன்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. பாறை மேல 1912ல கட்டின சர்ச், கலர் கண்ணாடி ஜன்னல்ல சாயங்கால வெயில் படுறப்போ பார்க்கணும். கொஞ்சம் தள்ளி டியாஸ் முனை, 1488ல போர்த்துகீசிய மாலுமி பார்த்தலோமியு டியாஸ் கல் சிலுவை நட்டுட்டுப் போன இடம், காத்து ஆளையே தள்ளும். ஊருக்குப் பக்கத்துலயே ஷார்க் தீவு, இப்போ கரையோட சேர்ந்திருக்கு. ஹெரேரோ, நாமா மக்கள ஜெர்மன் படை 1904ல இருந்து வேட்டையாடினப்போ, பிடிச்சவங்கள இந்தப் பாறைத் தீவுல அடைச்சு வச்சாங்க. குளிர், பசி, நோய். ஆயிரக்கணக்குல செத்தாங்க, பொம்பளைங்க குழந்தைங்க உட்பட. நாமா தலைவர் கொர்னேலியஸ் ஃப்ரெடெரிக்ஸ் 1907ல இங்கதான் இறந்தாரு, அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கு. செத்தவங்க மண்டை ஓட்டக்கூட ஆராய்ச்சிக்குன்னு ஜெர்மனிக்கு அனுப்பினாங்க, சிலது 2011ல இருந்துதான் திரும்பி வர ஆரம்பிச்சுச்சு. ஜெர்மனி இத இனப்படுகொலைன்னு ஒத்துக்கிட்டது 2021ல. இதே கைதிங்கள வச்சுத்தான் லூடரிட்ஸ்ல இருந்து உள்ள போற ரயில் பாதைய போட்டாங்க. ஆமா, லெவாலா மணல் அள்ளின அதே பாதை. நாங்க வண்டில வரும்போது கூடவே வந்துச்சுன்னு சொன்னேன்ல, அதே தடம்தான்.

அந்தத் தீவுல இப்போ சுற்றுலாக்காரங்க கூடாரம் போட்டுத் தங்குற இடம் இருக்கு. எங்களுக்கு அங்கதான் முதல்ல இடம் பார்த்திருந்தாரு வீட்டுக்காரர், படிச்சு தெரிஞ்சதும் நான் வேண்டாம்னுட்டேன். நினைவுக்கல்லுகிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தோம். அங்க தங்குறத நிறுத்தணும்னு நாமா மக்கள் கேக்குறாங்க, அவங்க கேக்குறது நியாயம்னுதான் எனக்குப் படுது.

சுத்துப்பட்டுல இன்னொண்ணும் சொல்லணும், இல்லன்னா என் பொண்ணு கோவிச்சுக்குவா. அவுஸ் பக்கத்துல கருப்னு ஒரு தண்ணிக் குட்டை, அங்க காட்டுக் குதிரைங்க வரும். முதல் உலகப்போர் சமயத்துல ராணுவத்துகிட்ட இருந்தும் பக்கத்துல இருந்த குதிரைப் பண்ணைல இருந்தும் தப்பிச்சதோட வாரிசுன்னு சொல்றாங்க. நிழல் குடில்ல உக்காந்து பார்த்தோம், மெலிஞ்ச பழுப்புக் குதிரைங்க தூரத்துல இருந்து ஒத்தை வரிசைல நடந்து வந்து, தண்ணி குடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு கழுத்த வச்சுக்கிட்டு நின்னுச்சு. கோல்மன்ஸ்கோப் வீடுங்களுக்குள்ளயும் காலைல போனீங்கன்னா மணல்ல காலடித் தடம் இருக்கும், பழுப்புக் கழுதைப்புலி ராத்திரி வந்துட்டுப் போறது. நாங்க தடம் பார்த்தோம், ஆள பார்க்கல.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு: சாதா டிக்கெட்டுல மத்தியானம் ஒரு மணி வரைக்கும்தான் உள்ள விடுவாங்க, சூரியன் எழுறதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் வேணும்னா ஃபோட்டோ பெர்மிட் தனியா வாங்கணும், வாங்குங்க, மதியத்துக்கு மேல காத்து ரொம்ப பேயா அடிக்கும், கேமராவ துணில சுத்தி வச்சுக்கங்க. மாடிப்படி, மரத்தளம் எல்லாம் உளுத்துப் போயிருக்கு, பார்த்து கால் வைங்க. இன்னும் தெற்கால எலிசபெத் பே, பொமோனா, போகன்ஃபெல்ஸ் பாறை வளைவுன்னு பார்க்கணும்னா தடை செய்யப்பட்ட பகுதிக்குள்ள போகணும், பாஸ்போர்ட் விவரத்த முன்கூட்டியே அனுப்பி அனுமதி எடுத்தாத்தான் கூட்டிட்டுப் போவாங்க, எங்களுக்கு அதுக்கு நேரம் பத்தல. கூட்டத்தோட டூர் போறப்போ வழிகாட்டிகிட்ட தொழிலாளிங்க தங்கின இடத்தக் கேளுங்க, சக்கரியாஸ் லெவாலாவப் பத்தியும் கேளுங்க. எத்தனை பேரு கேக்குறாங்களோ அத்தனைக்கு அவங்க கூடுதலா சொல்லுவாங்க, எங்ககூட வந்த அந்தப் பொண்ணே சொன்னது இது.